வேகியர் இயல்

கொல்கத்தாவில் குதிரைக்கு ஓட இடம் உண்டு. மைதானத்தின் தெற்கே ரேஸ் கோர்ஸ் இருக்கிறது. அதை நடத்தும் ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் 1847-ல் பிறந்தது. டிராமுக்குத் தடம் உண்டு. எஸ்பிளனேடு–மைதான் வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுவதாக 2024-ல் மாநில அரசு சொன்னதிலிருந்து அதுவும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. குதிரைத்திறனுக்குத்தான் இந்த ஊரில் போக்கிடம் இல்லை. முறையான கார்ப் பந்தயத் தடம் வேண்டுமென்றால் ஒன்று தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவுக்குப் போக வேண்டும், அல்லது சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோ வர வேண்டும். எல்லாமே 1,400 கிலோமீட்டருக்கு மேல்.

ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார் பித்துப் பிடித்தவர்கள் இங்கே பல்கிப் பெருகி வாழ்கிறார்கள். நீரில்லாத இடத்தில் மீன் வாழ்வதை ஆராய்வதற்கு ஒரு சாஸ்திரம் வேண்டும் அல்லவா? அதற்கு எழுந்ததே இந்நூல்.

முன்னோர் இவர்களைக் காரை வைத்து வகுத்தார்கள்: ஜெர்மன் கார்க்காரர், இத்தாலியக் கார்க்காரர், ஜப்பான் கார்க்காரர் என்று. அது பொருந்தாது. ஒருவரிடம் மூன்று நாட்டுக் காரும் நிற்கும். இன்னொருவரிடம் சைக்கிள்கூட இருக்காது. பித்து இருவருக்கும் ஒரே டிகிரி. விலையை வைத்து வகுப்பாரும் உளர். வெளிநாட்டிலிருந்து முழுசாக இறக்கும் காருக்கு நம் சர்க்கார் போடும் வரி கிட்டத்தட்ட இன்னொரு காரின் விலை என்பதால், அவர்கள் அளப்பது பித்தை அல்ல, வருமானத்தை. இந்நூல் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: ஆள் தன் வேகத்தை எங்கே வைத்திருக்கிறான்? வேகத்தை உடையவன் வேகி. வைத்திருக்கும் இடத்தால் அவன் பலவகைப்படுவான்.

வகைகளுக்கு முன் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மண்ணில் பந்தயமே விளையாது என்று எண்ணுவது பிழை. ஒரு காலத்தில் பாரக்பூரிலும் அலிப்பூரிலும் விமான ஓடுதளங்களில் கார்கள் பறந்தன. உலகெங்கும் அப்படித்தான். யுத்தம் முடிந்ததும் வேலையில்லாமல் கிடந்த ஓடுதளங்களைத்தான் பந்தயக்காரர்கள் முதலில் பிடித்தார்கள். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் அப்படி வந்தது. நமக்குச் சோழவரம் அப்படி வந்தது. வித்தியாசம் அடுத்த அடியில் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் கூட்டம் சேர்த்து, பிறகு சொந்தமாக நிலம் வாங்கி, இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடத்தை 1990-ல் திறந்தது. கொல்கத்தா அந்த அடியை எடுத்து வைக்கவில்லை. இத்தனைக்கும் யுத்த காலத்தில் நகரின் நடுவே ரெட் ரோட்டிலேயே போர் விமானங்கள் இறங்கின. சாலை ஓடுதளமானது; ஓடுதளம் பந்தயத் தடமானது; அதோடு நின்றுவிட்டது. காரணம் கேட்டால் நிலவிலை என்பார் ஒரு சாரார், அரசியல் என்பார் ஒரு சாரார். என் கருத்து, இந்த ஊருக்கு வேகத்தைவிட வேகத்தைப் பற்றிய பேச்சு அதிகம் பிடித்திருந்தது. இது முதல் வகையைப் பார்த்தால் விளங்கும்.

முதல் வகை வாய்வேகி. வேகத்தை வாயில் வைத்திருப்பவன். வட கொல்கத்தாவின் பழைய வீட்டு வாசல் திண்ணைகளில் மாலை ஐந்து மணிக்குமேல் காணப்படுவான். கையில் மண் குவளைத் தேநீர். எதிரே இன்னும் நான்கு வாய்வேகிகள். 1989-ல் சுசூகா ஃபார்முலா ஒன் பந்தயத்தில் செனாவும் ப்ரோஸ்ட்டும் மோதிக்கொண்டதில் தப்பு யார் பேரில் என்ற வழக்கு இங்கே இன்னும் தீர்ப்பாகவில்லை. ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் கால்பந்துச் சண்டைக்குப் பழகிய நாக்குகள் ஆதலால், எந்த விஷயத்தையும் இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். இவர்களில் பலருக்கு லைசென்ஸ் இல்லை. இருப்பவர்கள் மூன்றாம் கியருக்கு மேல் போனதில்லை. கல்லூரித் தெரு நெரிசலில் போகவும் முடியாது. ஆனால் ஒரு வளைவில் எந்த இடத்தில் பிரேக்கை விட வேண்டும் என்று ஹாமில்டனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு.

இவ்வகைக்குத் தலைமகன் சத்யஜித் ராயின் ஃபெலுதா கதைகளில் வரும் ஜடாயு என்கிற லால்மோகன் பாபு என்க. புத்தகம் முழுக்கச் சாகசம் எழுதுவார், வாங்கியது பச்சை அம்பாசிடர், ஓட்டுவதற்கு டிரைவர்.

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் இந்தத் திண்ணையில் உட்கார நேர்ந்தால் ஒரு தாக்குதலுக்குத் தயாராக இருக்க வேண்டும். நரேன் கார்த்திகேயன் என்று வாயெடுத்தால் போதும்: “2005 இண்டியானாபோலிஸ்தானே? ஓடினதே ஆறு கார். ஆறில் நாலாவது!” விஷயம் உண்மைதான். மிஷெலின் டயர் போட்ட அணிகளெல்லாம் அன்று விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. கோயம்புத்தூர்க்காரர் ஜோர்டன் காரில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். இதற்கு உரிய பதில், “அந்த ஆறு பேரில் ஒருவராக நிற்க உங்கள் பேட்டையிலிருந்து யார் போனார், தாதா?” என்பது. அதன் பிறகு தேநீர் அவர் செலவு.

இரண்டாவது வைகறைவேகி. இவனுடைய வேகம் ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்கும் ஏழரைக்கும் நடுவில் இருக்கிறது; மற்ற நேரத்தில் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. ஆண்டு முழுதும் கிடையாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைநீர் தேங்கும். டன்டனியாக் காளி கோயில் தெருவில் பஸ்ஸே நீந்திப் போகும்போது தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிய கார் என்ன செய்யும்? அதன்பின் பூஜைப் பந்தலுக்குச் சாலையை அடைப்பார்கள். ஆக, பனிக்காலமே நல்ல பருவம்.

வைகறைவேகியர் வடகலை, தென்கலை என இரு பிரிவினர். வடகலையார் டங்குனி தாண்டித் துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயில் போய்ச் சக்திகட்டில் நிற்பார்கள். எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறப்போட்ட நீள லாங்சா அங்கே பிரசாதம். தென்கலையார் இரண்டாம் ஹூக்ளிப் பாலம் கடந்து 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் கோலாகாட் போய், தாபாவில் பராட்டா சாப்பிட்டுத் திரும்புவார்கள். எது உயர்ந்தது என்பதில் இரு கலைக்கும் ஒட்டு உறவு கிடையாது. 500 குதிரைத்திறன் வண்டியில் போய் இனிப்பு வாங்கி வருவது கேலிக்குரியதா என்றால், இல்லை. வீட்டில் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். லாங்சா பொட்டலம் ஒரு சாட்சி.

இந்த வகையைப் பற்றி எழுதும்போது பேனா ஓரிடத்தில் நிற்கிறது. 2018 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹவுரா மாவட்டம் டோம்ஜூர் பக்கத்தில், நண்பர்களின் கார்களோடு போய்க்கொண்டிருந்த ஒரு ஃபெராரி பாலத்துச் சுவரில் மோதி, ஓட்டியவர் இறந்துபோனார். நெடுஞ்சாலையில் லாரி திடீரென்று ஒதுங்கும், மாடு வரும், எதிர்த்திசையில் சைக்கிள்ரிக்‌ஷா வரும். தடத்தில் இது எதுவும் வராது. வழுக்கினாலும் மண்ணிலும் சரளையிலும் போய் நிற்க இடம் விட்டிருப்பார்கள், கொடியோடு மார்ஷல் நிற்பார், ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓட்டியபடி காத்திருக்கும். தடம் கேட்பதைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பாலத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

மூன்றாவது மெருகுவேகி. மூவரிலும் மூத்தவன், அதிகம் படித்தவன், மெதுவானவன். வேகத்தைப் பளபளப்பில் வைத்திருக்கிறான். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1968 முதல் கொல்கத்தாவில் நடத்திவரும் பழங்கார் ரேலிதான் இவனுக்குக் கும்பமேளா. வண்டியின் காலத்துக்கு ஏற்ற கோட்டும் தொப்பியும் போட்டு, மனைவிக்குப் பழைய பாணிப் புடவை கட்டி, நடையைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் மைதானத்தைச் சுற்றுவான். ஸ்பீடாமீட்டர் முள் நகர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை; அது அசல் முள்ளா என்றுதான் கேட்பார்கள்.

மெருகுவேகி நம்மைவிட நன்றாக அறிந்த உண்மை ஒன்று உண்டு. அது கொல்கத்தா மஞ்சள் டாக்ஸியைப் பற்றியது. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே வரை செய்துகொண்டிருந்த அம்பாசிடர், ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் பிள்ளை. அதில் வெகுகாலம் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ‘பி சீரிஸ்’ வம்சம். 1955-ல் வெளிவந்த எம்.ஜி. ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரின் வயிற்றில் இருந்ததும் அதே வம்சம், அதே 1,489 சி.சி. ஒன்றுக்கு எஸ்.யூ. கார்பரேட்டர் இரண்டு வைத்து, மூச்சைத் திறந்துவிட்டு, 68 குதிரைத்திறன் வாங்கினார்கள். மற்றதற்கு ஒரு கார்பரேட்டரை வைத்து ஐம்பது சொச்சத்தோடு நிறுத்தி, மேலே நாலு மார்வாடி, டிக்கியில் எட்டு மூட்டை ஏற்றினார்கள். ஹவுரா ஸ்டேஷன் வாசலில் ப்ரீபெய்ட் வரிசையில் நின்றவை அத்தனையும் குலம் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள். இது மெருகுவேகி சொல்வது. ஆதாரமாக, தன் எம்.ஜி.க்கு வேண்டிய சாமான் சிலவற்றை மல்லிக் பஜாரில் அம்பாசிடர் கடையில் வாங்கி வந்து காட்டுவான். 2013-ல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி உலகத்து டாக்ஸிகளை மோதவிட்டபோது அம்பாசிடர் ஜெயித்ததையும் சேர்த்துக்கொள்வான். ரத்தம் பேசிற்று என்பது அவன் உரை.

மெருகுவேகியை நெருங்கிப் பார்க்க வேண்டிய நேரம் ஞாயிறு மத்தியானம். பானெட் திறந்திருக்கும். இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். ஒன்று கூடிப்போனால் எஞ்சின் நொண்டும். இதற்கு வெளிநாட்டில் கருவி விற்கிறார்கள். இங்கே மிஸ்திரி வருவார். ஒரு முழம் ரப்பர் ட்யூபை எடுத்து, ஒரு முனையை முதல் கார்பரேட்டரின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம். அடுத்ததற்கு மாற்றுவார். அதே ‘ஸ்ஸ்’, சுருதி கொஞ்சம் இறக்கம். ஸ்க்ரூவைக் கால் திருகு திருகி மறுபடி கேட்பார். உடையவன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பான். நடுவில் ஹாரன் அடித்த பக்கத்து வீட்டுக்காரரை மிஸ்திரி முறைத்துப் பார்ப்பதும் உண்டு. இந்த மிஸ்திரியை ஞாபகம் வைத்துக்கொள்க. அவர் இந்நூலுக்குப் பெருந்தொல்லை தரப்போகிறார்.

வண்டியை உயிருள்ளதாக நினைப்பது வங்காளத்தில் நோயாகக் கருதப்படுவதில்லை. ரித்விக் கட்டக் 1958-ல் எடுத்த ‘அஜாந்த்ரிக்’ படம் முழுக்க ஒரு டாக்ஸி டிரைவரும் ஜகத்தல் என்ற பழைய செவர்லே காரும்தான். அவன் அதோடு பேசுவான், கோபிப்பான், தண்ணீர் குடிக்கவைப்பான். இலக்கணப்படி கார் அஃறிணை. மெருகுவேகியின் வீட்டில் அது உயர்திணை, மற்றவர்கள் விரவுத்திணை.

நான்காவது கணக்குவேகி. வேகமாகப் போனால் தோற்றுவிடும் ஒரு மோட்டார் பந்தயம் உண்டு என்றால் பிற மாநிலத்தார் நம்பமாட்டார்கள். வங்காளி அதற்கென்றே பிறந்தவன். டி.எஸ்.டி. ரேலி என்று பெயர். இந்தத் தூரத்தை இந்தச் சராசரி வேகத்தில் இந்த நொடியில் கடக்க வேண்டும் என்று தாள் கொடுப்பார்கள். தாமதமானால் அபராதப் புள்ளி. முன்னதாக வந்தால் பல போட்டிகளில் அதைவிடக் கூடுதல் அபராதம். பக்கத்தில் உட்கார்ந்த நேவிகேட்டர் மடியில் கால்குலேட்டரும் வழிப்படமுமாக, “மெதுவா, மெதுவா, ஏழு செகண்டு முன்னால இருக்கோம்” என்று கத்திக்கொண்டிருப்பார். பழைய மாருதி 800 போதும். ஸ்டாடிஸ்டிகல் இன்ஸ்டிடியூட் இருக்கும் ஊரில் இந்த விளையாட்டு தழைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் பிரெய்லில் எழுதிய வழிக்குறிப்பைத் தொட்டுப் படித்துச் சொல்ல, பார்வையற்றவர்கள் நேவிகேட்டராக அமரும் ரேலிகளும் நடக்கின்றன. என் கணிப்பில் மோட்டார் விளையாட்டிலேயே நாகரிகமானது அதுதான்.

ஐந்தாவது திரைவேகி. படுக்கையறை மூலையில் ஸ்டியரிங், பெடல், மூன்று திரை. நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டரும் மனப்பாடம். தொல்லை கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும்.

இனித் தடவேகி. வேகத்தை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருப்பவன் இவன் ஒருவனே; ஆனால் அந்த இடம் ஊரில் இல்லை என்பதால் கொல்கத்தாவில் மிக அரிதாகவே காணப்படுகிறான். இவன் தோற்றம் தென்கலையிலிருந்து என்பது என் ஆராய்ச்சி. கோலாகாட்டில் பராட்டா சாப்பிட்டுத் திரும்ப வேண்டிய 16-ஆம் எண் சாலை, திரும்பாமல் போனால் பாலசோர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் என்று கடைசியில் சென்னையில்தான் முடிகிறது. என்றோ ஒருநாள் ஒருவன் திரும்ப மறந்திருக்கிறான்.

கணக்கைப் பார்க்க. போக 1,600 சொச்சம் கிலோமீட்டர், வர அதே. காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு இவன் விமானத்தில் வருவான். இத்தனையும் 3.7 கிலோமீட்டர் வட்டத்தைச் சுற்றுவதற்கு. அதுவும் தடத்துக்குள் ஒரு தடவைக்குக் கால் மணி, இருபது நிமிடம் என்று அளந்துதான் விடுவார்கள். காசிக்குப் போகிறவன் கங்கையில் எத்தனை நேரம் நின்றான் என்று யாராவது கேட்கிறார்களா?

இருங்காட்டுக்கோட்டையில் காலை ஏழு மணிக்கு இவனுடைய கர்வம் இறங்க ஆரம்பிக்கும். ஸ்க்ரூட்டினியில் பேட்டரி க்ளாம்ப்பை ஆட்டிப் பார்ப்பார்கள். டேஷ்போர்டுப் பிள்ளையாரை எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள்; கழன்றால் பிள்ளையாரும் குண்டுதான். டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும் என்பதால் குளிர்ந்திருக்கும்போதே கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். பிறகு பன்னிரண்டு வளைவுகள். ரோட்டில் பத்து வருஷம் புலியாக இருந்தவனுக்குத் தெரியவருவது, தான் சீக்கிரமே பிரேக் போடுகிறோம், போடுவதையும் பயந்து போடுகிறோம் என்பதே. பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளர், அவனில் பாதி வயசுப் பையன், “இன்னும் விடுங்க சார், போர்டு தாண்டட்டும்… இப்ப மிதிங்க, நல்லா மிதிங்க!” என்பான். மூன்றாவது சுற்றில் நீலக்கொடி. பின்னால் வேகமாக ஒருவன் வருகிறான், வழிவிடு என்று அர்த்தம். வழிவிட்டால், தாண்டிப் போவது ஒரு போலோ. அதுவும் பழையது. நாலாவது சுற்றில் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் தரைவரை இறங்கும். உள்ளே வந்து பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுக்கப் போனால் நாலு பேர் கத்துவார்கள்: கொதிக்கும் தகட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். தடவேகி அன்று மாலை கார் வாங்கிய நாளைவிடச் சந்தோஷமாக இருப்பான். இதற்கு உரையாசிரியர் எவரும் காரணம் கூறவில்லை.

இவ்வகையார் தமிழகத்தில் மலிந்திருப்பதற்குச் சிறப்புக் காரணம் உண்டு. கோவையில் கரிவர்தன் என்பவர் எண்பதுகளில் மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றையாள் பந்தயக் காரைச் செய்தார். பெரிய பணம் இல்லாத பையன்களும் உட்கார்ந்து ஓட்டக்கூடிய வண்டி. நரேனும் அதில் ஓட்டியவர்தான். கரிவர்தன் 1995-ல் சிறுவிமான விபத்தில் இறந்தார்; செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த தடத்துக்குக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர் வைத்தார்கள். கொல்கத்தாவை ஒட்டி ஒரு தொழிற்சாலையே கார் செய்தது. ஆனால் அந்த 1,489 சி.சி.யை எடுத்து இப்படி ஒரு குட்டி வண்டி செய்ய ஒரு கரிவர்தன் அமையவில்லை. பாக்கி எல்லாக் காரணமும் இதற்குப் பிறகுதான்.

2024-ல் இந்த ஊர் பெயரில் ஒரு பந்தய அணியும் வந்துவிட்டது: கொல்கத்தா ராயல் டைகர்ஸ். உடைமையாளர் சௌரவ் கங்குலி. அந்த ஆண்டு அது ஓடியது சென்னையிலும் கோவையிலும். சொந்த மைதானமே இல்லாத அணிக்காக நம் திண்ணை வாய்வேகிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதிக்கும் அழகைக் காண்பவர்க்கு, இந்நூலின் முதல் அதிகாரம் பொய்யல்ல என்பது தெளிவாகும்.

கலப்பினங்கள் உண்டு. மெருகும் வாயும் கூடியவன் கிளப்பின் செயலாளர் ஆவான். கணக்கும் வைகறையும் கூடியவன் லாங்சாக் கடைக்கு ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் போய்ச் சேருவான். மற்றவை வந்தவழிக் கொள்க. இந்த ஊர் மோட்டார் சங்கத்தின் அலுவலகம் இருக்கும் தெருவுக்கு, கைகூடாத காதலுக்குப் பேர்போன தேவதாஸாக 1935-ல் நடித்துப் படமும் எடுத்த பிரமதேஷ் பரூவாவின் பெயர் வைத்திருப்பது இவர்கள் அனைவருக்கும் பொது.

எஞ்சியது மிஸ்திரி. ட்யூபைக் காதில் வைத்தவர். மல்லிக் பஜாரில் சின்னக் கடை. சொந்தமாகக் கார் கிடையாது. வீட்டுக்குப் போவது லோக்கல் ரயிலில். ஆகவே வேகியர் அல்லர் என்று தள்ளலாமா? தள்ள முடியவில்லை. வைகறைவேகியின் போர்ஷே, மெருகுவேகியின் எம்.ஜி., கணக்குவேகியின் மாருதி எல்லாம் சர்வீஸுக்கு அவரிடம்தான் வருகின்றன. முடிந்ததும் ‘ட்ரையல்’ பார்க்க வேண்டும் அல்லவா? இரவு பதினோரு மணிக்குமேல், சாலை ஓய்ந்தபின், பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்துக்கொண்டு கிளம்புவார். பார்க் சர்க்கஸ் வரை சமத்து. அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று உடையவர்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஒரு மெருகுவேகி மட்டும் தைரியமாகக் கேட்டான், “வண்டி எவ்வளவு போகுது, உஸ்தாத்?” மிஸ்திரி கையைத் துணியில் துடைத்தபடி, “நாலாவது கியர் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்தது பாபு, நீங்க அதுல போட்டதே இல்ல போலிருக்கு. இப்போ சரியாயிடுச்சு” என்றார்.

இவரை எவ்வகையில் சேர்ப்பது என்று பின்வரும் உரைகாரர் ஆய்ந்து கூறுவாராக. அதுவரை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பெட்ரோல் அளவைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.